5-எச்டி2ஏ ஏற்பியை மட்டும் அடைத்தால் மனச்சிதைவு நோய் அடங்குமா?

நீலக்குயில்:
வணக்கம். மனச்சிதைவு நோய் மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது ஒரு முடிச்சு மட்டும் அவிழ மாட்டேன் என்கிறது. எல்.எஸ்.டி., சைலோசைபின் ஆகிய போதைப்பொருள்கள் இரண்டும், செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டும் 5-எச்டி2ஏ ஏற்பியைத் தூண்டித்தான் மாயக்காட்சிகளை உண்டாக்குகின்றன. குளோசபின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் ஆகிய புதிய வகை மனச்சிதைவு மருந்துகள் மூன்றும், டோபமைன் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் டி2 ஏற்பியைவிட இந்த 5-எச்டி2ஏ-வைத்தான் இறுக்கமாகப் பிடிக்கின்றன. அப்படியானால் 5-எச்டி2ஏ-வை மட்டும் அடைத்தால் போதுமே, டி2-வைத் தொட வேண்டாம், கை நடுக்கமும் உடல் விறைப்பும் வராது என்றுதானே தோன்றும்? ஆனால் அப்படிப்பட்ட ஒரு மருந்துக்குக்கூட இந்த நோய்க்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. எங்கே உதைக்கிறது? 1ஏ, 2சி, 7 என்று மற்ற செரோட்டோனின் ஏற்பிகளையும் பட்டியல் போடுகிறார்களே, அவற்றுக்கு உண்மையில் பங்கு உண்டா?

ஏற்பிப்பித்தன்:
இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 5-எச்டி2ஏ-வை மட்டும் மிகத் துல்லியமாக அடைக்கும் வொலினான்செரின் (பழைய குறியீடு எம்100907) 1990-களின் இறுதியில் பெரிய சோதனைகள் வரை போனது. டி2-வை அடைக்கும் பழைய மருந்தான ஹாலோபெரிடோலுக்குப் பக்கத்தில் வைத்தபோது தோற்றது. 2004-இல் வெளியான இன்னொரு சோதனைத் தொடரில் எப்லிவான்செரின் (2ஏ, 2சி இரண்டையும் அடைப்பது) போலி மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஹாலோபெரிடோல் அளவுக்கு எட்டவில்லை. ஆக விளைவு பூஜ்யம் அல்ல. தனி மருந்தாக நிற்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் வாதத்தின் முதல் கண்ணியிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. எல்.எஸ்.டி. தரும் அனுபவமும் மனச்சிதைவும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அது மருந்தால் வந்தது என்ற தெளிவும் பொதுவாக இருக்கும். பின்னதில் குரல் கேட்பது, பிறர் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, பேச்சும் ஆர்வமும் வற்றிப்போவது. 1998-இல் வொலன்வைடர் குழு சைலோசைபின் கொடுத்த ஆரோக்கியமானவர்களிடம் காட்டியது இதுதான்: 5-எச்டி2ஏ-வை அடைக்கும் கெட்டான்செரினும் ரிஸ்பெரிடோனும் அந்த மயக்கத்தைத் தடுத்தன, ஹாலோபெரிடோல் தடுக்கவில்லை. ஆனால் நோயாளிகளின் குரல்களை அடக்குவதில் ஹாலோபெரிடோல் திறமையானது. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, இரண்டுக்கும் மூலம் வேறு என்பது தெரிந்துவிடும்.

செரோட்டோனின் கோட்பாட்டை வூலியும் ஷாவும் முன்வைத்தது 1954-இல். பிறகு டோபமைன் அலையில் அது ஒதுங்கிப்போனது. மீட்டுக்கொண்டுவந்தது குளோசபின். மற்ற மருந்துகளுக்கு மசியாத 268 பேரிடம் கேன் குழு 1988-இல் நடத்திய ஆய்வில், 6 வாரத்தில் குளோசபின் பக்கம் 30 விழுக்காட்டினர் தேறினார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசின் பக்கம் 4 விழுக்காடு. அடுத்த ஆண்டே மெல்ட்சர், புதிய வகை மருந்துகளைப் பழையவற்றிலிருந்து பிரிப்பது 5-எச்டி2ஏ பிடிப்புக்கும் டி2 பிடிப்புக்கும் உள்ள விகிதம்தான் என்றார். ரிஸ்பெரிடோன் முதல் ஒரு வரிசையே இந்தச் சூத்திரத்தின் நிழலில் வந்தது.

கணக்குப்புலி:
விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மூளையில் எத்தனை விழுக்காடு ஏற்பிகள் நிரம்புகின்றன என்று பெட் ஸ்கேன் (கதிரியக்கத் தடப்பொருளை வைத்து மூளையைப் படமெடுப்பது) சொல்வதைப் பார்க்க வேண்டும்.

டி2-வில் சுமார் 65 விழுக்காடு நிரம்பினால் நோய் தணியத் தொடங்குகிறது, 72-ஐத் தாண்டினால் பால்சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின் ஏறுகிறது, 78-ஐத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும். இவை 2000-இல் ஹாலோபெரிடோலை வைத்துக் கப்பூர் குழு எடுத்த எண்கள். ரிஸ்பெரிடோனுக்கு அதே குழு முன்பே அளந்தது: 2 மி.கி.யில் டி2 சுமார் 66, 4 மி.கி.யில் 73, 6 மி.கி.யில் 79 விழுக்காடு. 5-எச்டி2ஏ-வோ குறைந்த டோஸிலேயே கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. ஒலான்சபின், குளோசபினிலும் அதே கதை: நோயைத் தணிக்காத டோஸிலேயே 5-எச்டி2ஏ நிறைந்துவிடுகிறது.

இதை நிதானமாக யோசியுங்கள். 5-எச்டி2ஏ அடைப்புதான் நோயைத் தணிக்கிறது என்றால் அந்தச் சின்ன டோஸிலேயே பலன் தெரிந்திருக்க வேண்டும். தெரிவதில்லை. டி2 ஏறி 65-ஐத் தொடும்போதுதான் தெரிகிறது (குளோசபின் மட்டும் இதற்கு விலக்கு). ரிஸ்பெரிடோன் 6 மி.கி.க்கு மேல் போனதும் விறைப்பு தலைகாட்டுவதும் இதனால்தான். 5-எச்டி2ஏ ஏற்கனவே முழுக்க நிரம்பிய பிறகு டோஸை ஏற்றினால், கூடுதலாக வாங்குவது டி2 மட்டுமே; பாதுகாப்புக் கூடுவதில்லை.

குளோர்புரோமசினுக்கும் லாக்சபினுக்கும்கூட 5-எச்டி2ஏ பிடிப்பு பலமானது. இருந்தும் டி2 80-ஐத் தாண்டும்போது அவை பழைய மருந்துகளைப் போலத்தான் நடந்துகொள்கின்றன.

வார்டுமருத்துவர்:
கணக்குப்புலி சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அமிசல்பிரைடு. 5-எச்டி2ஏ-வில் அதற்குப் பிடிப்பே கிடையாது. அது பிடிப்பது டோபமைனின் டி2, டி3, கூடவே செரோட்டோனினின் 5-எச்டி7, 2பி. ஆனாலும் பலனில் முன்வரிசை, விறைப்பும் குறைவு (புரோலாக்டின் மட்டும் நன்றாக ஏற்றும்). அரிபிபிரசோலைப் பாருங்கள்: டி2-வுக்கு 0.34 நானோமோலார், 5-எச்டி2ஏ-வுக்கு 3.4 (எண் சிறிதானால் பிடிப்பு இறுக்கம்). விகிதம் தலைகீழ். "2ஏ அதிகம், டி2 குறைவு" என்பது புதிய வகை மருந்தாவதற்கு ஒரு வழி; ஒரே வழி அல்ல.

5-எச்டி2ஏ அடைப்பு நடைமுறையில் எங்கே கைகொடுக்கிறது?

முதலில் விறைப்பு. நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கரும்பகுதியிலிருந்து, உடல் அசைவைச் சீராக்கும் ஸ்ட்ரயேட்டத்துக்கு வரும் டோபமைன் நரம்புகளை, 2ஏ ஏற்பி வழியாகச் செரோட்டோனின் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கட்டை அவிழ்த்தால் அங்கே டோபமைன் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். டி2 அடைப்பின் இறுக்கம் தளரும்.

அடுத்து அகதீசியா, அதாவது ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால்கள் பரபரக்கும் தவிப்பு. இரவில் மிர்ட்டசபின் 15 மி.கி. சேர்த்தால் புரோபிரனலாலுக்கு இணையாகத் தணிகிறது. அதன் 2ஏ அடைப்பே காரணம் என்பது பரவலான கருத்து. நாடித்துடிப்பு குறைவாக இருப்பவருக்கோ ஆஸ்துமா உள்ளவருக்கோ புரோபிரனலால் கொடுக்க முடியாத இடத்தில் இது பெரிய உதவி. தூக்கக்கலக்கமும் எடையும் கூடும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, பார்க்கின்சன் நோயில் வரும் மாயக்காட்சி. அங்கே டி2-வைத் தொட்டால் நோயாளி உறைந்துபோவார். 6.25 மி.கி.யிலிருந்து 50 மி.கி.க்குள் குளோசபின் அங்கே வேலை செய்வது பழைய செய்தி. மனச்சிதைவுக்கோ பல நூறு மி.கி. தேவை. அந்தச் சிறு டோஸில் டி2 பெரிதாக நிரம்ப வாய்ப்பில்லை. அந்தத் தடத்தில்தான், 5-எச்டி2ஏ-வை அடைத்து டி2-வைத் தொடாத பிமாவான்செரின் 2016-இல் ஒப்புதல் பெற்றது. 199 பேரிடம் நடந்த 6 வாரச் சோதனையில் அறிகுறி மதிப்பெண் 5.79 குறைந்தது, போலி மாத்திரையில் 2.73. டோஸ் நாளுக்கு 34 மி.கி., படிப்படியாக ஏற்றத் தேவையில்லை. மருந்தைச் சிதைக்கும் சிவைபி3ஏ4 நொதியைப் பலமாகத் தடுக்கும் மருந்து (கீட்டோகோனசோல் போல) கூட இருந்தால் 10 மி.கி. போதும். அரையாயுள் (உடலில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 57 மணி நேரம், ஆகவே ஒரு வாரத்தில் பலன் இல்லை என்று நிறுத்துவது தவறு. 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். இசிஜியில் க்யூடி என்ற இதயத்துடிப்பு இடைவெளி நீளும், முன்பே ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

நீலக்குயில்:
நன்றி, பாதி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பிமாவான்செரினை மனச்சிதைவு நோயிலும் முயன்றார்களே, அது என்னவாயிற்று? இன்னொன்று: பிடிப்பு மதிப்புகளை ஒரே அட்டவணையில் தொகுத்துப் பார்த்தால் ஒரே மருந்துக்கு ஒரு மூலத்தில் 0.2 என்றும் இன்னொன்றில் 2 என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

கணக்குப்புலி:
முதல் கேள்விக்கு நான். மூன்று வழிகளில் முயன்றார்கள்.

ஒன்று, 423 பேரிடம் குறைந்த டோஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது (2012). ரிஸ்பெரிடோன் 2 மி.கி.யோடு பிமாவான்செரின் 20 மி.கி. சேர்த்தால் ரிஸ்பெரிடோன் 6 மி.கி.க்கு நிகரான பலன், எடை ஏற்றம் குறைவு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. 5-எச்டி2ஏ அடைப்பு டி2 மருந்தின் டோஸைக் குறைக்க உதவும் என்பதை நேரடியாகக் காட்டியது. அதே சோதனையில் ஹாலோபெரிடோல் 2 மி.கி.யோடு சேர்த்தபோது கூடுதல் பலன் இல்லை. அந்த 2 மி.கி. தனியாகவே போதுமான அளவு வேலை செய்துவிட்டது.

இரண்டு, மருந்து எடுத்தும் அறிகுறி முழுக்க அடங்காதவர்களுக்குக் கூடுதல் மருந்தாக. 2019-இல் தோற்றது.

மூன்று, பேச்சு, ஆர்வம், முகபாவம் வற்றும் குறை அறிகுறிகளுக்கு. 403 பேர், 26 வாரம். மதிப்பெண் 10.4 குறைந்தது, போலி மாத்திரையில் 8.5. வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தொட்டது, ஆனால் விளைவின் அளவு 0.21 மட்டுமே. 34 மி.கி. எடுத்தவர்களைத் தனியே பார்த்தபோது 0.34. அந்த நம்பிக்கையில் எல்லோருக்கும் 34 மி.கி. கொடுத்து மறுசோதனை வைத்தார்கள். 2024 மார்ச்சில் அது தோற்றது. ஒரு சோதனைக்குள்ளே பிரித்தெடுத்த துணைக்குழுவின் எண்ணை வைத்து அடுத்த சோதனையைத் திட்டமிட்டால் இப்படி நேர்வதற்கு வாய்ப்பு அதிகம். அந்த டோஸை அடைந்தவர்கள் மருந்தைத் தாங்கியவர்கள், தொடர்ந்து வந்தவர்கள், பிரிவே சமமானதல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க: குறை அறிகுறிகளில் 461 பேரிடம் 26 வாரம் ரிஸ்பெரிடோனோடு நேருக்கு நேர் மோதி வென்றது காரிபிரசின் (2017, விளைவின் அளவு 0.31). அதன் பலம் டி3-இல், 0.085 நானோமோலார். 5-எச்டி2ஏ-வில் வெறும் 18.8.

சோதனைக்குழாய்:
இரண்டாவது கேள்வி என் பக்கத்துக்கு உரியது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பத்து மடங்கு வேறுபாடு வருவதற்குப் பெரும்பாலும் பின்வருபவற்றில் ஒன்றுதான் காரணம்.

*கணக்குப் பிழை.* ஆய்வகத்தில் ஏற்பியில் ஏற்கனவே ஒட்டும் கதிரியக்க மூலக்கூறை (லிகண்ட்) மருந்து எவ்வளவு விரட்டுகிறது என்று அளக்கிறோம். நேரடியாகக் கிடைப்பது ஐசி50, அதாவது அந்த ஒட்டுதலைப் பாதியாக்கும் மருந்துச் செறிவு. அதைப் பிடிப்பு மாறிலியாக மாற்ற, ஐசி50-ஐ (1 + லிகண்ட் செறிவு ÷ லிகண்டின் கேடி) என்பதால் வகுக்க வேண்டும். கேடி என்பது லிகண்டின் சொந்தப் பிடிப்பு மாறிலி. கதிரியக்கக் கெட்டான்செரினின் கேடி 1 நானோமோலார் என்று கொள்வோம். 1 நானோமோலார் போட்டால் 2-ஆல் வகுப்போம். 4 போட்டால் 5-ஆல். சிலர் ஐசி50-ஐயே பிடிப்பு மதிப்பாக அட்டவணையில் போட்டுவிடுகிறார்கள். மூலக் கட்டுரையில் லிகண்ட் செறிவு குறிப்பிடப்படவில்லை என்றால் அந்த எண்ணை ஒதுக்குங்கள்.

*லிகண்ட் தீர்ந்துபோவது.* ஏற்பி உள்ள செல் சவ்வு அதிகமாகப் போட்டால் போட்ட லிகண்டில் பெரும்பகுதி ஏற்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். கரைசலில் மிஞ்சுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒட்டியது போட்டதில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் சவ்வைக் குறையுங்கள் அல்லது கரைசலின் கன அளவைக் கூட்டுங்கள். 0.1 நானோமோலார் அளவில் பிடிக்கும் பிமாவான்செரின் போன்றவற்றுக்கு இது உயிர்நாடி. மருந்தே தீர்ந்துபோய் உண்மையைவிடப் பலவீனமாகத் தெரியும்.

*சமநிலைக்கு முன் நிறுத்துவது.* இறுக்கமாகப் பிடிப்பவை மெதுவாகவே விடும். 37 பாகையில் ஒரு மணி நேரம் போதலாம். பனிக்கட்டி மேல் வைத்தால் போதவே போதாது. இரண்டு வெவ்வேறு நேரங்களில் எடுத்து மதிப்பு நகர்கிறதா என்று பாருங்கள்.

*கெட்டான்செரினின் மற்ற ஒட்டுதல்கள்.* அது அட்ரினலினின் ஆல்ஃபா1 ஏற்பியையும் ஹிஸ்டமினின் எச்1 ஏற்பியையும் பிடிக்கும். ஸ்ட்ரயேட்டம் திசுவை எடுத்தால் விமேட்2 கடத்தியிலும் போய் ஒட்டும். மூளைத் திசுவில் செய்பவர்கள் பிரசோசின் போட்டு ஆல்ஃபா1-ஐயும் டெட்ராபெனசின் போட்டு விமேட்2-வையும் முதலில் மூட வேண்டும். ஏற்பியை வெளிப்படுத்தும் செல் வரியில் இந்தத் தொல்லை பெரிதும் குறைவு.

*இனம்.* மனித 5-எச்டி2ஏ-வில் 242-ஆம் இடத்தில் செரின், எலியில் அலனின். இந்த ஒரே ஒரு அமினோ அமிலத்தால் மெசுலெர்ஜின் என்ற எர்கோலின் வகைச் சேர்மம் எலியில் பலமாகவும் மனிதரில் பலவீனமாகவும் பிடிக்கும். எர்கோலின் வகை எதற்கும் எலி எண்ணை மனித எண்ணோடு கலக்காதீர்கள்.

வடிகட்டும்போது கண்ணாடி இழைத் தாளை 0.3 விழுக்காடு பாலிஎத்திலீனிமினில் முன்பே ஊறவைப்பது, பனிக்குளிர்ந்த டிரிஸ் கரைசலால் மூன்று முறை வேகமாகக் கழுவுவது என்பன வழக்கமானவை. கழுவும்போது தயங்கினால், விரைவாக விடும் சேர்மங்களின் சிக்னல் கரைந்துவிடும்.

இனி செயல்பாட்டுச் சோதனை. 5-எச்டி2ஏ, செல்லுக்குள் இருக்கும் ஜிக்யூ என்ற புரதத்தின் வழியாகக் கால்சியத்தை விடுவிப்பதால் பலரும் கால்சியம் ஒளிர்வை அளக்கிறார்கள். இங்கே இரண்டு குழிகள். செல் வளர்க்கும் சாதாரணக் கன்றுச் சீரத்தில் செரோட்டோனின் நிறையவே இருக்கிறது. அது இரவெல்லாம் ஏற்பியைத் தூண்டி மரத்துப்போகச் செய்துவிடும். முந்தைய நாளே டயலைஸ் செய்த (சிறு மூலக்கூறுகளை நீக்கிய) சீரத்துக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாத தட்டில் உச்ச சிக்னல் பாதியாகக் குறைந்து, காரணம் தெரியாமல் ஆட்கள் செல் வரியையே தூக்கிப்போடுவார்கள். அடுத்தது நேரம்: கால்சியம் உச்சம் சில நொடிகளில் வந்து போய்விடும். அதற்குள் மெதுவாக விடும் ஆன்டகோனிஸ்ட் (அடைப்பான்) இடத்தைக் காலி செய்யாது, எனவே போட்டி அடைப்பான்கூட உச்சத்தைக் கீழே தள்ளி, போட்டியில்லாத அடைப்பானைப் போல நடிக்கும். லித்தியம் குளோரைடு போட்டு அதே ஜிக்யூ பாதையில் உருவாகும் ஐபி1 என்ற சிறு மூலக்கூறு ஒரு மணி நேரம் சேர்வதை அளந்தால் உண்மை முகம் தெரியும்.

செரோட்டோனின் கரைசலை அன்றன்றே தயாரியுங்கள், அஸ்கார்பிக் அமிலம் சிறிது சேர்த்து. பழுப்பேறிய கரைசலை ஊற்றிவிடுங்கள்.

ஏற்பிப்பித்தன்:
அருமையான பதிவு. ஐபி1 சோதனையில் இன்னொரு பயன்: இன்வர்ஸ் அகோனிஸ்ட்டைப் பிரித்தறியலாம். செரோட்டோனின் இல்லாமலே ஏற்பி கொஞ்சம் இயங்கிக்கொண்டிருக்கும். அந்த அடிநிலையையும் கீழே இறக்குவது இன்வர்ஸ் அகோனிஸ்ட், வெறுமனே இடத்தை அடைப்பது நடுநிலை ஆன்டகோனிஸ்ட். பிமாவான்செரின் முதல் வகை. ஆனால் இந்த வேறுபாடு நோயாளியிடம் எவ்வளவு பெறும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அதைவிட முக்கியமானது, 5-எச்டி2ஏ-வின் விசித்திர குணம். பொதுவாக ஒரு ஏற்பியை நீண்டநாள் அடைத்தால் அதன் எண்ணிக்கை கூடும். இதுவோ குளோசபின் போன்றவை தொடர்ந்தால் குறைகிறது, செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் நாள் நிரம்பல் விழுக்காட்டை வைத்து ஆறாவது மாதத்தை ஊகிக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு: ரிஸ்பெரிடோன் பொருந்திய மனித 5-எச்டி2ஏ-வின் படிக அமைப்பு 2019-இல் வந்தது. மருந்தின் நேர்மின் நைட்ரஜன் 155-ஆம் இடத்து அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலத்தோடு உப்புப் பாலம் கட்டுகிறது. அந்த அஸ்பார்டேட் எல்லா அமைன் ஏற்பிகளிலும் உண்டு. தெரிவுத்தன்மை அதிலிருந்து வராது. நான்காம், ஐந்தாம் சுருள்களுக்கு நடுவே பக்கவாட்டில் திறக்கும் பள்ளம்தான் 5-எச்டி2ஏ-வைத் தனித்துக் குறிவைக்க நல்ல இடம்.

நீலக்குயில்:
1ஏ, 2சி பற்றி யாரும் தொடவில்லையே?

ஏற்பிப்பித்தன்:
2சி இரட்டை வாள். தூண்டினால் நடுமூளை டோபமைன் நரம்புகள் அடங்கும், பசியும் குறையும். மனச்சிதைவுக்கு இரண்டும் நல்லதே. அடைத்தால் பசி ஏறும். ஒலான்சபின், குளோசபின் எடை ஏற்றத்தில் எச்1-உடன் இதற்கும் பங்கு உண்டு. தூண்டும் மருந்து செய்வதில் தடை 2பி. இரண்டும் நெருங்கிய உறவு. 2பி தவறித் தூண்டப்பட்டால் இதய வால்வு தடிக்கும். ஃபென்ஃபுளூரமின் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது அதனால்தான். எந்த 2சி அகோனிஸ்ட்டுக்கும் (தூண்டும் மருந்துக்கும்) முதல் வாரத்திலேயே 2பி சோதனை வையுங்கள். பிறகு வைத்தால் செலவெல்லாம் வீண். கூடுதல் சிக்கல், 2சி-யின் ஆர்.என்.ஏ. திருத்தப்படுகிறது. திருத்தப்படாத வடிவம் தானாகவே நன்றாக இயங்கும், முழுக்கத் திருத்தியது அவ்வளவு இயங்காது. எந்த வடிவத்தில் சோதித்தீர்கள் என்று எழுதாத எண் அரைகுறை எண்.

1ஏ-வில் இடம்தான் எல்லாம். செரோட்டோனின் நரம்புகள் புறப்படும் ரஃபே உட்கருவில் அது அந்த நரம்பு தன்னைத்தானே அடக்கும் ஏற்பி. மூளைப் புறணியில் செரோட்டோனினைப் பெறும் எதிர்ப்பக்க செல்லின் ஏற்பி. ரஃபேயில் தேவைக்கு மேற்பட்ட ஏற்பிக் கையிருப்பு அதிகம், எனவே பகுதி அகோனிஸ்ட்கூட அங்கே முழு அகோனிஸ்ட் போல நடக்கும், புறணியில் பாதிதான். உலோட்டரான்ட் (டார்1 என்ற இன்னொரு ஏற்பி, 1ஏ இரண்டையும் தூண்டுவது, டி2 தொடாதது) மீது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2023 ஜூலையில் இரண்டு மூன்றாம் கட்டச் சோதனைகளும் தோற்றன. போலி மாத்திரைப் பக்கமே அளவுக்கு மீறி முன்னேறியதால் மருந்து உண்மையிலேயே வலுவற்றதா என்பதை அந்தச் சோதனைகளால் தீர்க்க முடியவில்லை.

வார்டுமருத்துவர்:
> 5-எச்டி2ஏ அடைப்பு டி2 மருந்தின் டோஸைக் குறைக்க உதவும்

இதையே ஒரே மூலக்கூறில் செய்யப் பார்த்தது லூமாட்டெப்பரோன். 5-எச்டி2ஏ-வில் 0.54, டி2-வில் 32 நானோமோலார், கிட்டத்தட்ட 60 மடங்கு. 42 மி.கி.யில் டி2 நிரம்பல் 40 விழுக்காட்டுக்குப் பக்கத்தில்தான், விறைப்பு அரிது.

கணக்குப்புலி:
ஆனால் மூன்று சோதனைகளில் ஒன்று தோற்றதையும் சொல்லுங்கள். அதில் ரிஸ்பெரிடோன் போலி மாத்திரையை வென்றது, லூமாட்டெப்பரோன் வெல்லவில்லை. முதல் சோதனையில் இரட்டிப்பு டோஸும் பலன் தரவில்லை. 65 விழுக்காட்டுக்குக் கீழே வேலை செய்யும் மருந்து என்பது ஈர்ப்பான செய்தி, குளோசபினும் அப்படித்தான். ஆனால் கடும் நிலையில் வருபவருக்கு இதை முதல் மருந்தாக வைக்க அந்த எண்கள் எனக்குத் துணிவு தரவில்லை.

வார்டுமருத்துவர்:
கடும் நிலைக்கு நானும் வைக்கமாட்டேன். நிலைப்பட்டவர், எடையும் சர்க்கரையும் ஏறுகிறது, மாற்ற வேண்டும் என்ற இடத்துக்கு அது பொருந்தும்.

நீலக்குயில்:
மாற்றும்போது என்ன தவறுகிறது? ஒலான்சபினிலிருந்து அரிபிபிரசோலுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வார்டுமருத்துவர்:
ஒலான்சபினை ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரும்பிழை. அது 2ஏ, டி2 மட்டுமல்ல, எச்1-ஐயும் அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் ஏற்பிகளையும் அடைத்து வைத்திருக்கிறது. சட்டென்று விட்டால் தூக்கம் போகும், குமட்டல், வியர்வை, படபடப்பு வரும். வீட்டார் அதை நோய் திரும்பிவிட்டது என்று எண்ணுவார்கள், புதிய மருந்தின் மீது பழி விழும். அரிபிபிரசோலின் அரையாயுள் சுமார் 75 மணி நேரம். நிலையான அளவுக்கு வர இரண்டு வாரம் ஆகும். எனவே ஒலான்சபினை அப்படியே வைத்துக்கொண்டு அரிபிபிரசோலைத் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து ஒலான்சபினைப் படிப்படியாக, மேலும் சில வாரங்களில் இறக்க வேண்டும். இடையில் அகதீசியா தலைகாட்டினால் பதற்றம் என்று நினைத்து அரிபிபிரசோலை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். கால் ஆட்டுகிறாரா, நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி நிற்கிறாரா என்று இரண்டு நிமிடம் பார்த்தாலே பதற்றமா அகதீசியாவா என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை மூன்றையும் மாற்றும் நாளிலும் மூன்று மாதம் கழித்தும் எழுதி வையுங்கள். மாற்றியது பலன் தந்ததா என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.